குளிர்நாட்டில் ஒரு கும்பகோணத்தார்

1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் நடுவில், எழும்பூர் இரயில் நிலையத்தில் தம் தாயாரையும் இளம் மனைவியையும் கும்பகோணத்துக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினார் சீனிவாச இராமானுஜன். கப்பல் புறப்பட இன்னும் சில நாள்கள் இருந்தன. வழியனுப்ப வேண்டியவர்களையே முன்னதாக வழியனுப்பியதற்குக் காரணம் உண்டு. பயணத்துக்கு முன் அவருடைய குடுமி களையப்பட வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தில் அன்னை கோமளத்தம்மாள் தம்மைக் காணலாகாது என்று மகன் எண்ணினார். தாயும் மனைவியும் சென்ற பின்னரே தலைமயிர் ஐரோப்பிய முறையில் வெட்டப்பட்டது. கணித வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் இந்நிகழ்ச்சி, அவர் பின்னர் அயல்நாட்டில் வாழ்ந்த ஐந்தாண்டுகளுக்கும் ஒரு முன்னுரை போல அமைந்துவிட்டது.

இராமானுஜனின் கணிதம் பற்றித் தமிழில் நூல்கள் பல வந்துவிட்டன. ஈரோட்டில் 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்ததும், கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்ததும், கணிதம் ஒன்றைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்துக் கல்லூரித் தேர்வுகளில் தவறியதும், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனதும், 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதியதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். அவர் அங்கே எதை உண்டார், எப்படி உறங்கினார், எதை உடுத்தார், எவரோடு பேசினார் என்பன அவ்வளவாக எழுதப்பெறவில்லை. அவருடைய நோய்க்கும் தனிமைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால், அந்தச் சிறிய செய்திகளைச் சிறியன என்று ஒதுக்குவதற்கில்லை.

கடல் கடத்தல் வைதிக வைணவக் குடும்பத்துக்கு விலக்கப்பட்ட ஒன்று. ஹார்டி முதன்முறை அழைத்தபோது இராமானுஜன் இணங்கவில்லை. 1914 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்த டிரினிட்டி கல்லூரிக் கணித அறிஞர் நெவில் மீண்டும் கேட்டபோது மனம் மாறியிருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளாணையே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பர். அந்த ஆணை தாயின் கனவில் வந்தது என்பது ஒரு மரபு. மகன் நாமக்கல் கோயிலில் தங்கியிருந்தபோது கிடைத்தது என்பது மற்றொரு மரபு. எதுவாயினும், அன்னையின் தடை நீங்கியது. மரக்கறி உணவே கொள்வது என்ற உறுதியோடு அவர் விடைபெற்றார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. அதில் 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்கு எனப் பிரித்துவைக்கப்பட்டது.

ஜானகி அம்மாளுக்கு அப்போது பதினைந்து வயது நிரம்பும் தறுவாய். அவரும் உடன்செல்ல விரும்பினார் என்றும், மாமியார் இசையவில்லை என்றும் அறிகிறோம். பொருள் தேடிப் பிரியும் தலைவன் கடல் வழியே செல்லுங்கால் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் விதித்து ஈராயிரம் ஆண்டுகள் ஆயின. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அந்த விதி அப்போதும் நடைமுறையில் இருந்தது! பாலைத் திணையின் பிரிவைப் பாடமாகக் கற்பிப்பவர்கள், தலைவன் சென்ற நாட்டில் அவனுக்கு எவர் சோறு சமைத்தார் என்று கேட்பதில்லை. இராமானுஜனின் வாழ்வில் அந்தக் கேள்வி உயிரைத் தொடும் கேள்வியாயிற்று.

புறப்படுமுன் ஒரு சிறு பயிற்சி நடந்தது. சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெயில்ஸ் தம் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் அவரை அமர்த்திக் கடைகளுக்கு அழைத்துச் சென்று, கழுத்துப்பட்டை, காலணி, கால்சராய் முதலியன வாங்கித் தந்தார். கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணவும் பழகிக்கொண்டார். அதற்கும் அவர் விதித்த நிபந்தனை, தட்டில் இருப்பது காய்கறியாகவே இருக்க வேண்டும் என்பது. வாழையிலையின் முன் அமர்ந்து கையால் பிசைந்துண்ட இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தைச் சில நாள்களில் மாற்றிக்கொள்ள முயன்றவர், மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கினார். எந்தத் துறைமுகத்தின் கணக்கேடுகளை எழுதிவந்தாரோ அதே துறைமுகம்.

ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டனை அடைந்தார். நெவில் வரவேற்றார். இலண்டனில் குரோம்வெல் சாலை 21ஆம் எண் இல்லத்தில் இந்திய மாணவர்களுக்கான விடுதியில் சில நாள்கள் தங்கிப் பின் கேம்பிரிட்ஜ் சென்றார். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நெவில் தம்பதியரின் வீட்டில் இருந்தார். அங்கே குறையொன்றும் இல்லை. அவர்கள் அன்போடு நடத்தினார்கள். ஆயினும் கல்லூரிக்கு அருகிலிருப்பது வசதி எனக் கருதி, சூன் மாதத்தில் டிரினிட்டியின் ஹியூவெல் முற்றத்து அறைக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய தனிக்குடித்தனம் அன்று தொடங்கியது.

முதலில் கால்கள் முரண்டின. வெறுங்காலோடும் செருப்போடும் நடந்தவருக்கு இறுக்கமான தோல் காலணி வேதனை தந்தது. இயன்றபோதெல்லாம் அறைச் செருப்பை அணிந்து கல்லூரி முற்றத்தைக் கடந்து செல்லும் அந்தக் குட்டையான, பருத்த உருவம் உடன்படித்த சிலரின் நினைவில் நெடுங்காலம் தங்கியிருந்தது. பல நூற்றாண்டுப் பழமை கொண்ட அம்முற்றத்தில் கறுப்பு அங்கியும் மெருகேற்றிய காலணியுமாகச் செல்வோரிடையே செருப்பை இழுத்து நடந்த ஒருவர் தனித்துத் தெரிந்ததில் வியப்பில்லை.

அடுத்துக் குளிர். கேம்பிரிட்ஜில் அப்போது கிங்ஸ் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், இராமானுஜனுக்கு நெருங்கிய நண்பரானார். ஒருநாள் அவர் வந்தபோது இராமானுஜன் கணப்பருகே ஒடுங்கி அமர்ந்திருந்தார். இரவில் வெதுவெதுப்பாக உறங்க முடிகிறதா என்று நண்பர் கேட்டார். இல்லை, மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்துக்கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்று விடை வந்தது. கம்பளிகள் போதவில்லை போலும் என்று படுக்கையறைக்குச் சென்று பார்த்த மகலனோபிஸ் திகைத்தார். கம்பளிகள் நிறைய இருந்தன. அவை மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே அத்தனை இரவுகளும் படுத்திருந்தார். கம்பளிகளை எப்படி உயர்த்தி இடையில் புகுவது என்று நண்பர் செய்து காட்டினார்.

இதனை நகைச்சுவையாகச் சொல்வோர் உளர். அதில் நகைப்பதற்குள்ளது குறைவு. பாயை விரித்துப் படுத்து, விடிந்ததும் சுருட்டி வைக்கும் வீட்டிலிருந்து வந்தவருக்கு, பணியாள் ஒருவர் ஒழுங்குற அமைத்து வைத்த படுக்கையைக் கலைக்கலாம் என்று எப்படித் தோன்றும்? தெரியாததைக் கேட்பதற்கும் ஓர் உரிமை வேண்டும். அந்த உரிமையைத் தாமாக எடுத்துக்கொள்ளும் இயல்பு அவருக்கு இல்லை. எண்களிடத்தில் எல்லையற்ற துணிவு கொண்டிருந்தவர், கல்லூரிப் பணியாளரிடம் ஒரு சொல் கேட்கக் கூசினார்.

உணவைப் பற்றிய செய்திகளே மிகுதி. 1914 சூன் மாதம் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், தகுந்த உணவு கிடைப்பது அரிதாயிருக்கிறது என்றும், நல்ல பாலும் பழமும் இல்லாதிருந்தால் மேலும் துன்புற்றிருப்பார் என்றும், இனி ஒன்றிரண்டு பண்டங்களைத் தாமே சமைத்துக்கொள்ள முடிவுசெய்து வேண்டிய பொருள்களை ஊருக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும் தெரிவித்தார். கல்லூரியின் பொதுக்கூடத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அமர்ந்துண்பது அங்கே கல்வியின் ஒரு பகுதி. நட்புகள் அங்கேதான் மலரும். செய்திகள் அங்கேதான் பரவும். அந்தப் பந்தியில் இராமானுஜன் அமரவில்லை. இறைச்சி சமைத்த கலத்தில் ஆக்கிய காய்கறியை அவரால் ஏற்க இயலவில்லை. கல்லூரியில் பயின்றும் கல்லூரிக்கு வெளியே வாழ்ந்தவர் போல ஆனார்.

அறையில் இருந்த சிறிய எரிவாயு அடுப்பே அவருடைய அடுக்களை. சென்னையிலிருந்து கொட்டை நீக்கிய புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் வரவழைத்தார். கேம்பிரிட்ஜ் மாணவர் அறைகளில் புளி கரைத்த மணம் எழுந்தது அதற்குமுன் உண்டோ இல்லையோ! 1915 தொடக்கத்தில் எழுதிய மற்றொரு மடலில், நாவை முற்றும் அடக்கியாயிற்று, சோறும் சிறிது உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் எத்தனை நாளும் இருக்கலாம் என்று ஊராரைத் தேற்றினார். படிப்போருக்கு அது தேறுதலாக இல்லை. ஆராய்ச்சியில் ஆழ்ந்தால் முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைத்து இருபது மணி நேரம் உறங்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அப்படிப்பட்ட நாள்களில் அடுப்பு எப்போது எரிந்தது, எதைக் கொண்டு எரிந்தது என்பதைக் கவனிக்க எவரும் இல்லை.

பேராசிரியர் ஹார்டி பின்னாளில் இராமானுஜனை நினைவுகூரும்போது ஒரு செய்தியைப் போகிறபோக்கில் குறித்துள்ளார். இராமானுஜன் தம் உணவைத் தாமே சமைத்தார். அதற்கு முன் தவறாமல் பைஜாமாவுக்கு மாறிக்கொண்டார் என்பதே அது. ஆங்கிலேயர்க்கு அஃது ஒரு வினோதப் பழக்கமாகவே தோன்றியிருக்கும். தமிழ் வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை. அது மடி. வெளியே உடுத்திச் சென்ற துணியோடு அடுப்பங்கரை புகலாகாது என்ற கும்பகோணத்து ஆசாரம், ஈரவேட்டிக்கு இடமில்லாத குளிர்நாட்டில் பைஜாமாவில் தஞ்சம் புகுந்திருந்தது. அயலகம் சென்றோர் விட்டவற்றையும் கொண்டவற்றையும் பட்டியலிடுவோர் உளர். விட்டதற்கும் கொண்டதற்கும் இடையே இப்படித் தாமே இயற்றிக்கொண்டவையும் உண்டு. எல்லாச் சமயங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்மையே எனத் தம்மிடம் இராமானுஜன் சொன்னதைக் கொண்டு, அவருக்கு ஆழ்ந்த நம்பிக்கை இல்லை, பழக்கமே இருந்தது என்று ஹார்டி முடிவுகட்டினார். நாமகிரித் தாயாரைப் பற்றி அவர் பேசக் கேட்ட தமிழ் நண்பர்கள் இதனை ஏற்றதில்லை. கடவுளை நம்பாத ஹார்டியிடம் பணிவுடைய ஒரு மாணவர் வேறு எப்படிப் பேசியிருப்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமையலும் கணிதமும் அந்த அறையில் ஒன்றாகவே நடந்தன. 1914 டிசம்பரில், மகலனோபிஸ் ஸ்டிராண்ட் என்னும் இதழில் வந்த புதிர் ஒன்றைப் படித்துச் சொன்னார். ஒரு தெருவில் வீடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூற்றுக்குள். அந்த வீட்டின் எண் யாது? அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே கேட்ட இராமானுஜன், எழுதிக்கொள்ளுமாறு கூறி ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். 288 வீடுகளில் 204ஆம் எண் என்பது கேட்ட கேள்விக்கு விடை. தொடர்பின்னமோ, 8 வீடுகளில் 6, 49 வீடுகளில் 35 என முடிவின்றிச் செல்லும் எல்லா விடைகளையும் தன்னுள் அடக்கியிருந்தது. கிளறிய கரண்டி நின்றதாகச் செய்தியில்லை.

மகிழ்ச்சியான பொழுதுகளும் இருந்தன. இலண்டன் விலங்குக்காட்சி சாலையையும் பிரித்தானிய அருங்காட்சியகத்தையும் கண்டார். சார்லீஸ் ஆன்ட் என்ற நகைச்சுவை நாடகத்தைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார் என்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகலனோபிசோடு நெடுந்தொலைவு நடந்தார். அந்நடைகளில் அவர் கணிதத்தைக் காட்டிலும் தத்துவத்தையே மிகுதியும் பேசினார்.

விருந்தோம்பலிலும் அவருக்கு விருப்பம் இருந்தது. நண்பர்கள் வந்தால் இரசம் வைத்துப் பரிமாறுவார். இந்திய மாணவர் ஞானேஷ் சந்திர சட்டர்ஜியையும் அவர் மணக்கவிருந்த பெண்மணியையும் வேறொரு பெண்மணியையும் ஒருமுறை விருந்துக்கு அழைத்தார். இரசம் பரிமாறினார், இரண்டாம் முறையும் பரிமாறினார். மூன்றாம் முறை கேட்டபோது பெண்கள் போதும் என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. அவர் வருவார் வருவார் என்று காத்திருந்த விருந்தினர் கீழே சென்று வினவ, வாடகை வண்டி ஒன்றில் ஏறிச் சென்றுவிட்டார் என்று தெரிந்தது. நாலைந்து நாள்கள் கழித்துத் திரும்பினார். தாம் பரிமாறியதை அவர்கள் மறுத்தது தாங்காமல் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றுவிட்டதாகக் கூறினார். மோப்பக் குழையும் அனிச்சத்தை வள்ளுவர் விருந்தினர்க்கு ஒப்பிட்டார். இங்கே குழைந்தது விருந்து படைத்தவர் உள்ளம். போதும் என்னும் சொல்லை வாயுபசாரமாகக் கருதி மேலும் ஊற்றுவதும், ஊற்றியதை உண்பதுமே அவர் அறிந்த பந்தி மரபு. போதும் என்றால் போதும் என்றே பொருள்கொள்ளும் நாட்டில் அவர்களும் சில காலம் வாழ்ந்துவிட்டிருந்தார்கள். எவரிடத்தும் பிழையில்லை. பிழையில்லாத இடத்தில் ஏற்படும் புண் ஆறுவதுதான் கடினம்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. டிரினிட்டியின் முற்றங்களில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை அமைந்தது. கணிதத்தில் ஹார்டியின் துணைவரான லிட்டில்வுட் படைப்பணிக்குச் சென்றார். மாணவர் கூட்டம் கலைந்தது. ஆகாயக் கப்பல்களும் வானூர்திகளும் கொண்டு நடக்கும் இப்போர் முன்னைய போர்களைப் போன்றதன்று என்றும், தாம் இருக்கும் இடம் களத்துக்குத் தொலைவிலுள்ளது என்றும் அன்னைக்கு விளக்கமாக எழுதி அச்சம் நீக்கினார் மகன். நாளடைவில் பாலும் பழமும் காய்கறியும் கிடைப்பது அருகியது. கடலில் நீர்மூழ்கிகள் உலவியமையால் ஊர்ப் பொட்டலங்களும் நம்பத்தக்கனவாக இல்லை. ஓராண்டு இரண்டாண்டில் திரும்ப நினைத்தவர் ஐந்தாண்டு தங்க நேர்ந்தது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் பெற்றார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கைக்கெட்டாத பட்டம் அங்கே கிட்டியது. கட்டுரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. ஹார்டியோடு நாள்தோறும் பேசினார், பேசியதெல்லாம் கணிதமே. தம்முடைய மாணவரின் வீட்டுச் சூழலையும் உடல்நிலையையும் கேட்டறிவது பிறர் தனிவாழ்வில் தலையிடுவதாகும் என்று நினைக்கும் பண்பாட்டில் வந்தவர் ஹார்டி. கேட்காமலே தெரிந்துகொண்டு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைக்கும் திண்ணைப் பண்பாட்டில் வந்தவர் இராமானுஜன். இருவரும் ஒருவரையொருவர் உயர்வாக மதித்தார்கள் என்பதில் ஐயமில்லை.

ஊரிலிருந்து வந்த மடல்கள் குறைந்தன. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மனக்கசப்பு முற்றியிருந்தது. கணவருக்குத் தாம் எழுதிய மடல்களும் அவர் தமக்கு எழுதியனவும் கைமாறாமல் தடுக்கப்பட்டன என்று ஜானகி அம்மாள் முதுமையில் நினைவுகூர்ந்ததுண்டு. ஒரு கட்டத்தில் அவர் கராச்சியிலிருந்த தம் தமையனார் வீட்டுக்குச் சென்றுவிட்டார். கேம்பிரிட்ஜில் இருந்தவருக்கு இதன் காரணம் தெரியவில்லை. மடல் வராத மௌனத்துக்குப் பொருள் காண எந்தச் சூத்திரமும் அவரிடம் இல்லை.

1917 வசந்தத்தில் படுத்தார். கேம்பிரிட்ஜிலேயே ஒரு மருத்துவ இல்லம், பிறகு மெண்டிப் குன்றுகளில் ஒன்று, டார்பிசயரில் மாட்லாக் என்னும் ஊரில் ஒன்று, அதன்பின் இலண்டன், பட்னி என இடம் மாறிக்கொண்டேயிருந்தார். காசநோய் என்றே மருத்துவர் பலர் கருதினர். அவருடைய நோய்க்குறிகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர், அது கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கக்கூடும் என்று 1994இல் எழுதினார். அன்றைய மருத்துவம் காசநோயாளிக்கு விதித்தது திறந்த சாளரமும் குளிர்ந்த காற்றும். கம்பளிக்குள் நுழைந்து படுக்க அப்போதுதான் கற்றிருந்தவரை, கணப்பில்லாத அறையில் கிடத்தினார்கள். அங்கிருந்து ஹார்டிக்கு எழுதிய மடலில், குளியலறைகள் மட்டும் இதமான வெப்பத்தோடு இருப்பதால் நாள்தோறும் தாளும் எழுதுகோலுமாக அங்கே சென்று எண்ணியவற்றை எழுத விரும்புவதாகக் குறிப்பிட்டார். எண்கோட்பாட்டின் சில வரிகள் குளியலறையில் பிறந்தன என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

இடையே இலண்டனில் இந்தியர் தங்கும் ஓர் இல்லத்தில் சில நாள்கள் இருந்தார். அவ்வீட்டு அம்மையார் அவர் மனமறிந்து காய்கறி உணவே தந்தார். ஒருநாள் ஓவல்டின் கலந்த பானம் கொடுத்தார். பருகிய பின் அந்தப் பெட்டியைப் புரட்டி, கலந்துள்ள பொருள்களின் பட்டியலைப் படித்தார் இராமானுஜன். முட்டைத்தூள் என்று இருந்தது. உடனே மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். இரயில் நிலையம் சென்றபோது இலண்டன் மீது செருமானியர் குண்டு வீசினர். தாம் அறியாது செய்த பிழைக்குக் கிடைத்த தண்டனை என்றே அதனைக் கருதினார். பெட்டியின் மேலுள்ள எழுத்தையெல்லாம் படித்துப் பார்த்து வாங்கும் பழக்கம் இன்று அயலகத் தமிழர் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இந்தக் கலக்கம் புரியும்.

1918 தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் நிலையம் ஒன்றில் தண்டவாளத்தில் வீழ்ந்தார். காவலர் ஒருவர் வண்டி வருவதைக் கண்டு விசையை நிறுத்தியமையால், சில அடி தொலைவில் வண்டி நின்றது. முழந்தாளின் கீழ்க் காயங்கள் ஆழமாக இருந்தன. தற்கொலை முயற்சி அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஹார்டி விரைந்து வந்து, இவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று காவல் துறையினரிடம் கூறி மீட்டார். அன்று அது மெய்யன்று. மே மாதத்தில் மெய்யாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் தேர்வு பெற்றார். பந்தியில் அமராதவருக்குத் தலைமைப் பந்தியில் இடம் கிடைத்தது. உண்ணத்தான் உடல்நிலை இல்லை.

அதே ஆண்டு கோடையில், இங்கிலாந்தில் பொறியாளராயிருந்த இராமலிங்கம் என்ற தமிழர் மாட்லாக்குக்குச் சென்று அவரோடு சில நாள்கள் தங்கினார். 1914இல் இலண்டன் விடுதியில் கண்ட அறிமுகம். இராமானுஜன் மெலிந்து, எதையும் உண்ண மனமின்றி, சமையற்காரரோடு பிணங்கிக் கிடப்பதைக் கண்டு ஹார்டிக்கு நீண்டதொரு மடல் எழுதினார். உணவையே பெரிதும் பேசும் மடல் அது. நான்காண்டுகளாக உடனிருந்த பேரறிஞர் காணாததை ஊர்க்காரர் ஒருவர் நாலு நாளில் கண்டார். தாய்மொழியில் பேசுவோர்க்கு மட்டும் தெரியும் பசி என்று ஒன்று உண்டு போலும்.

1919 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. பெற்றோருக்கு 50 பவுனும் தம் செலவுக்கு வேண்டியதும் போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்படுத்துமாறு அவர் எழுதினார். பிப்ரவரி 27ஆம் நாள் நகோயா என்னும் கப்பலில் ஏறி மார்ச்சு 27ஆம் நாள் பம்பாய் வந்தடைந்தார். அன்னையும் தம்பியும் காத்திருந்தனர். அவள் எங்கே என்பதே அவருடைய முதற்கேள்வி. ஜானகி அம்மாளுக்கோ அவர் வரும் செய்தி பத்திரிகை வாயிலாகவே தெரிந்திருந்தது. பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அதன்பின் ஓராண்டுக்கும் சற்று மேற்பட்ட காலம். கொடுமுடி, கும்பகோணம், சேத்துப்பட்டு எனச் சிகிச்சைக்காக இடங்கள் மாறின. ஜானகி அம்மாளே அருகிருந்து பார்த்துக்கொண்டார். வலி மிகும்போது வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றடமிட்டார். சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் வேளை தவறாது தந்தார். இவள் உடன் வந்திருந்தால் நோய் கண்டிருக்காது என்று கணவர் சொன்னதை அவர் தம் முதுமை வரை மறக்கவில்லை. படுக்கையில் சாய்ந்தபடியே இராமானுஜன் எழுதினார். 1920 சனவரி 12ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய கடைசி மடலில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். குளிர்நாட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கடல் கடந்ததற்குக் கழுவாயாக இராமேசுவரம் சென்று நீராட வேண்டும் என்று அன்னை விரும்பினார். உடல் இடம் தரவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் காலை, சேத்துப்பட்டில் அவர் உயிர் நீத்தபோது அக்கழுவாய் நிறைவேறாமலே இருந்தது. வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. துறைமுகக் கழகத்தில் அவருடைய மேலாளராயிருந்த நாராயண ஐயரும், திவான் பகதூர் இராமச்சந்திர ராவும் முன்னின்று, அன்று பிற்பகலிலேயே தகனத்துக்கு வேண்டியன செய்தனர்.